கூடையில் மிஞ்சிய சாவி

நடுநாயகமாக வீற்றிருக்கும் நம் ஓட்டக் குழுவின் தலைவர், பல் மருத்துவர் அவர்களே. தனியொருவராய்த் தெருவில் ஓடி ஊர் சிரிக்கக் கேட்டு, பிறகு நம்மையெல்லாம் சேர்த்துக்கொண்டு, இன்று நாற்பத்தொரு பேராய் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனர், ஓய்வு பெற்ற தபால்காரப் பெரியவர் அவர்களே. முழங்காலில் பட்டையும் முகத்தில் புன்னகையுமாக முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அலறுகிற அலாரத்தை அணைத்துவிட்டு, அது யாருக்காக அலறியதோ அவரை உலுக்கி எழுப்பி, "போய்த் தொலைங்க" என்று வாழ்த்தி வழியனுப்பும் தாய்மார்களே. ஓடியவர்களே, ஓடுகிறவர்களே, ஓடுவதாக ஊரை நம்பவைத்திருப்பவர்களே. மூன்றாவது வரிசையிலிருந்து வலித்தைலத்தின் நறுமணத்தை மேடை வரை அனுப்பிக்கொண்டிருக்கும் அந்த முகம் தெரியாத நண்பரே. உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு நன்றியைச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்து வாசலில் கையில் கூடையோடு நின்றேன். நீங்கள் ஒவ்வொருவராக வந்தீர்கள். வண்டிச் சாவியைப் போட்டீர்கள், வீட்டுச் சாவியைப் போட்டீர்கள், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனீர்கள். இன்று ஓட்டமா நடக்கிறது? ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. உட்காரத்தான் வந்திருக்கிறீர்கள். உட்காருவதற்கு எதற்கப்பா சாவியைக் கொடுக்க வேண்டும் என்று ஒருவராவது கேட்டீர்களா? பழக்க தோஷம் யாரை விட்டது. அந்தக் கூடை இப்போது இந்த மேசைக்கு அடியில், என் காலடியில், பத்திரமாக இருக்கிறது. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

என்னை அறியாத விருந்தினர்களுக்கு ஒரு வார்த்தை. நான் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் படி ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்துக்கு நான் போகும்போது, மனிதர்கள் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, யார் எந்தப் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்பது என் கண்ணில் தானாகப் படும். சற்று முன் நம் தலைவர் இந்த மேடையின் மூன்று படிகளை எப்படி ஏறினார் என்பதும் பட்டது. தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். பதறாதீங்க டாக்டர், அதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

அன்பு நெஞ்சங்களே, நாம் யார்? யாரும் துரத்தாமலே ஓடுகிறவர்கள் நாம். எங்கே கிளம்பினோமோ அங்கேயே திரும்பி வந்து, "பத்து கிலோமீட்டர்" என்று பெருமை பேசுகிறவர்கள் நாம். கால் கட்டை விரலில் நகம் கறுத்து விழுந்தால், அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து ஐந்து பேருக்குக் காட்டியவர் இந்தச் சபையில் இருக்கிறாரா இல்லையா? கையில் கட்டிய கடிகாரம் ஒன்பது கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர் காட்டியதால், வீட்டு வாசல் வரை வந்தவர் அந்த நூறு மீட்டருக்காக மீன்கடையை இரண்டு முறை சுற்றினாரா இல்லையா? மீன்கடைக்காரர், "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாரா இல்லையா? பல் பிடுங்க வந்த ஒரு பாவப்பட்ட மனிதரின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் பதில் சொல்ல முடியாத நிலையில், மூச்சை எப்படி இழுத்து எப்படி விட வேண்டும் என்று நாற்பது நிமிடம் விளக்கிய மருத்துவர் யார்? பெயர் சொல்ல மாட்டேன். மேடையில் பல் மருத்துவர் ஒருவர்தான் இருக்கிறார்.

அது போகட்டும். நம் வலிகளுக்கு வருகிறேன். நம்மில் ஒருவருக்குக் கால் வலித்தால், மருத்துவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் காட்டுவார். ஐஸ் வை என்பார் ஒருவர். வெந்நீர் ஊற்று என்பார் இன்னொருவர். இரண்டையும் செய்துவிட்டு, கால் வெந்ததா விறைத்ததா என்று தெரியாமல் அடுத்த ஞாயிறு ஓட வந்து நிற்பார். எப்படி இருக்கு என்று கேட்டால், "சுத்தமா சரியாயிடுச்சு" என்பார். சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஏன் இந்தப் பொய்? ஏன் இந்த நடிப்பு? சுவருக்கும் நமக்கும் ஏன் இந்தச் சொந்தம்? காரணம், சபையோர்களே, கூடை.

விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். சட்டைப்பையில் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க ஓட முடியாது. ஆகவே, பூங்கா வாசலில் எல்லாரும் சாவிகளை ஒரு கூடையில் போட்டுவிட்டு ஓடுவோம். கூடையை யார் பிடிப்பது? அங்கேதான் தபால்காரப் பெரியவர் ஒரு சட்டம் போட்டார். "அடிபட்டவங்க ஓடக்கூடாது. அதுக்காக வீட்டுல படுத்துக்கவும் கூடாது. வந்து கூடையப் பிடிங்க. காலுக்கு லீவு, கைக்கு வேலை." ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதத்தைப் பையில் சுமந்து, ஒன்றுகூடத் தவறவிடாமல் சேர்த்தவர் அவர். பிறர் பொருளைப் பாதுகாத்து நிற்பது அவருக்குப் பெருமை. நமக்கோ அது பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்பதற்குச் சமம். எல்லாரும் சிட்டாய்ப் பறக்க, ஒருவர் மட்டும் கூடையோடு நிற்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன, கூடைக்காரர் ஆயிட்டீங்களா?" என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்குப் பயந்துதான் நாம் வலியை மறைக்கிறோம்.

நானும் மறைத்தேன். சென்ற ஆண்டு எனக்குக் குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறியது போலிருக்கும். என் மனைவி பார்த்துவிட்டார்.

"என்னங்க, நொண்டறீங்க?"

"நொண்டலையே. தரை சரியில்ல."

"பன்னெண்டு வருஷமா இதே தரைதான்."

"அதான் சொல்றேன். பழசாயிடுச்சு."

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுத் தரைகளின் யோக்கியதையும் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுத் தாய்மார்கள் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

மூன்று வாரம் மறைத்தேன். நான்காவது வாரம் மாட்டினேன். எங்கே மாட்டினேன்? ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்குப் படியேறிப் போனேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது குதிகால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். ஐந்து, நான்கு. நான்காவது மாடியில் ஒரு கதவு திறந்தது. அதில் ஒரு பெயர்ப்பலகை. அதற்குக் கீழே, கையுறையும் கழற்றாமல், நம் தலைவர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் படியைப் பார்த்தேன்.

"மெக்கானிக்கு," என்றார், "பல்லு வலிய மறைக்கிறவனையும் கால் வலிய மறைக்கிறவனையும் எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். ஞாயித்துக்கிழமை கூடை உனக்கு."

கருணை காட்டினாரா? காட்டவில்லை. "அடுத்த வாரத்திலிருந்து ஆகட்டும்" என்றாவது சொன்னாரா? சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை, அன்பர்களே, சொல்லுக்குச் சொல் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அது எனக்குப் பின்னால் தேவைப்படும்.

கூடைக்காரனாக என் முதல் ஞாயிறு. நாற்பது சாவிகள் விழுந்தன. ஓடிவிட்டு வந்து ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். முதுகில் ஒரு தட்டு, "சீக்கிரம் சரியாகிடும்" என்று ஒரு சொல். முப்பத்தொன்பது போய்விட்டன. ஒன்று மிஞ்சியது. பச்சைத் துணியில் ஊசியால் தைத்த ஒரு குஞ்சம் கட்டிய சாவி.

அது நம் தையற்கார அக்காவின் கடைச் சாவி. அக்காவை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாம் செல்லமாக வைத்த பெயர் "கடைசி பஸ்". மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறார். மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் கடைசியில் வருகிறார். எட்டு வருடம் ஓடிய நான், அவர் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அவர் வந்து சேர்வதை ஒருமுறையாவது பார்த்திருக்கிறேனா? இல்லை. நீங்கள்? வேண்டாம், கையைத் தூக்காதீர்கள். தூக்கினால் பொய்யாகிவிடும்.

அன்று காலை அக்கா சாவியைப் போடும்போதே சொல்லியிருந்தார். "ரொம்ப நேரமாச்சுன்னா கம்பியில மாட்டிட்டுப் போயிடுங்க தம்பி. பாவம், கால் வலியோட எவ்வளவு நேரம் நிப்பீங்க." அரைமணி நேரம் நின்றேன். கால் வலித்தது, பசியும் வந்தது. வாசல் கம்பியில் சாவியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்தானே சொன்னார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நடந்தது என்ன? பூங்காக் காவலாளி நல்லவர். அவிழ்ந்து விழுந்த எதையும் பத்திரப்படுத்துகிறவர். கம்பியில் சாவி தொங்குவதைப் பார்த்தார், யாரோ மறந்துவிட்டார்கள் என்று அலுவலக அறைக்குள் வைத்துப் பூட்டினார், வாராந்திர விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். அக்கா வந்தார். சாவி இல்லை. அன்று பதினொரு மணிக்கு ஒரு பெண், மறுநாள் முதன்முதலாக வேலைக்குப் போகிறவள், தைக்கக் கொடுத்த இரண்டு சட்டைகளை வாங்க வருவதாக இருந்தது. இரண்டும் கடைக்குள்ளே. அக்கா ஓடி முடித்த காலோடு கடைக்கு நடந்துபோய், பூட்டை உடைக்க ஆள் தேடி, உடைத்து, கடைசி பொத்தானைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னக் கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். சுவர் முழுக்க நூல்கண்டு. ஒரு மேசை, ஒரு இயந்திரம். உடைந்த பூட்டை அளவுக் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருந்தார். அந்தப் பூட்டைப் பார்த்ததும், வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போன பேச்சு மறந்துவிட்டது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்," என்றேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "பூட்டு போனா போவுது தம்பி. வேற வாங்கிக்கலாம்." ஒரு தையல் முடிந்தது. நூலைக் கடித்தார். "ஆனா ஒண்ணு. மூணு வருஷமா நான் வரும்போது வாசல்ல நிக்கறது கூடைக்காரர் மட்டும்தான். நான் சும்மா வாய் வார்த்தைக்குதான் போங்கன்னு சொல்லுவேன். யாரும் போனதில்ல. முட்டி வலின்னு நின்ன வாத்தியார் நின்னார். கணுக்கால் சுளுக்கின அந்தப் பொண்ணு நின்னுச்சு. நீங்கதான் போனீங்க."

அக்கா அடுத்த துணியை இயந்திரத்தில் வைத்தார்.

"முப்பது வருஷமா ஊர்ல எல்லாருடைய அளவையும் எடுத்தாச்சு. என் அளவு என்னன்னு பாக்கலாம்னுதான் ஓட வந்தேன். பாத்துட்டேன். ஒரு ஆள்கூட இல்லாத வாசலுக்கு வந்து சேர்ற அளவு. போதும். நம்ம குழு ஓடப்போற அந்த இருபத்தோரு கிலோமீட்டர் போட்டிக்கு எனக்கு நம்பர் வாங்கி வெச்சிருக்காங்க. அத வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சட்டைக்குக் காஜா எடுக்கிற நிதானத்தில் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் அதைச் சொல்லும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. நிற்க முடியாதவனா நான்? நின்றுபோனதை ஓட வைப்பவன் என்று பலகை மாட்டிப் பிழைப்பவன், ஒரு மணி நேரம் நிற்க முடியாமல் ஓர் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

"அக்கா," என்றேன், "வர ஞாயித்துக்கிழமை சாவியக் கூடையில போடுங்க. சாயங்காலம் ஆனாலும் நிப்பேன்."

"பாப்போம்," என்றார். நம் ஊர் வழக்கில் பாப்போம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வந்தார். புதுச் சாவி, அதே பச்சைக் குஞ்சம். முப்பத்தொன்பது பேர் போன பிறகு, ஒற்றைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், எட்டு வருடத்தில் முதல்முறையாக, நம் ஓட்டத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். நாம் பார்த்திராத பகுதி அது. நாயை நடத்திக்கொண்டு வருபவர்கள் வந்துவிடுகிறார்கள். பந்து விளையாடும் பிள்ளைகள் பாதையை மறித்துக்கொள்கிறார்கள். வெயில் ஏறிவிடுகிறது. நாம் ஓடும்போது குளுகுளுவென்று இருக்கிற அதே பாதை அப்போது அடுப்பாகக் காய்கிறது. அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் கிடக்கும் அளவு நாடாவைக்கூடக் கழற்ற மறந்து, ஓர் அம்மா வருகிறார். நமக்கு ஒரு மணி நேரத் துன்பம் என்றால் அவருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். அதிகம் கஷ்டப்பட்டது யார்? கைதட்டல் வாங்கியது யார்? யோசித்துப் பாருங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். "நேரம்" என்று எழுதியிருக்கிறது. டாக்டர், நீங்க பேஷண்ட்ட வாயைத் திறக்கச் சொன்னா எவ்வளவு நேரம் திறந்து வெச்சுக்கறார்? அதே பொறுமை கொஞ்சம் இங்கயும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அக்காவின் நேரத்தைக் கூடையின் கைப்பிடியில் பேனாவால் குறித்துவைத்தேன். ஒன்று நாற்பத்தைந்து, ஒன்று நாற்பது, ஒன்று முப்பத்தொன்று. அவர் என் காலைக் குறித்துக்கொண்டார். நாலாவது வாரம் ஒரு பொட்டலம் கொடுத்தார். "கால்சட்டை வெட்டின மிச்சத் துணி. நாலு மடிப்பு வெச்சுத் தெச்சேன். குதிகாலுக்கு அடியில வெச்சுக்கங்க." கடையில் வாங்கி அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கும் மெத்தைகளில் ஒன்றும் என் காலுக்குப் பொருந்தவில்லை. இது பொருந்தியது. எப்படிப் பொருந்தியது? நான் நொண்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்த அன்றே, கடை வாசலில் மண்ணில் பதிந்த என் தடத்தை அளந்து வைத்திருந்தாராம். அந்தப் பேச்சை முழுக்கத் தைத்துக்கொண்டே பேசியவர் அதைச் செய்திருக்கிறார்.

எட்டாவது ஞாயிறு, போட்டி. இருபத்தொரு கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கெடு. மூன்று மணி நேரம் ஆனதும் முடிவுக் கோட்டில் நிற்கிற காற்றடைத்த வளைவை இறக்கிவிடுவார்கள். அக்கா மூன்று மணி நேரத்துக்குள் வருவாரா என்பது நானும் அவரும் மட்டும் அறிந்த கவலை. கூடை என்னிடம்.

முதலில் வந்தவர் யார்? வழக்கம்போல் தலைவர். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். கழுத்தில் பதக்கம், கையில் வாழைப்பழம். "சாவி," என்று கையை நீட்டினார்.

"தர முடியாது டாக்டர்," என்றேன்.

"என்னது?"

"எல்லாரும் வந்தப்புறம்தான்."

"எனக்குக் கிளினிக்ல பேஷண்ட் காத்துட்டிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை எந்தப் பல்லு சார்?"

தலைவர் வாழைப்பழத்தை உரிக்காமலே கடித்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குப் பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட வேண்டுமாம். ஒருவர் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாராம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பியவர், அதுவரை அந்தப் பால் பொறுமையாக இருந்திருக்கிறது. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், என் தாய் தந்தையரை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். நான் கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொன்பது பேர். போட்டி முடிந்தவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள், பொருமிக்கொண்டிருப்பவர்கள். சாவி இல்லாத மனிதனுக்கு வேறு என்ன வழி? நின்றார்கள்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. அக்கா வரவில்லை. வளைவுக்குப் பொறுப்பானவர் காற்றடிக்கும் மோட்டாரை அணைக்க வந்தார். "அண்ணே, பத்து நிமிஷம்," என்றேன். "அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகணுங்க," என்றார். நியாயம்தான். அவரும் என்னைப் போல மோட்டாரோடு பிழைப்பவர். அணைத்தார். வளைவு பெருமூச்சு விட்டுக்கொண்டு சாய ஆரம்பித்தது.

அப்போது ஒரு கை எழுந்தது. எழுபது வயதுக் கை. கடிதப் பை சுமந்த கை. நம் பெரியவர் வளைவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "வந்து சேராத ஒரு கடுதாசி பாக்கி இருக்கு," என்றார். அவ்வளவுதான். அடுத்த கை எழுந்தது, அதற்கடுத்த கை எழுந்தது. குட்டையானவர்கள் ஓரத்தில், நெட்டையானவர்கள் நடுவில். சாவி கேட்டு நீண்ட கைகள் எல்லாம் இப்போது துணியைத் தாங்கி நின்றன. நடுவில் யார்? உயரமானவர் என்பதால் தலைவர். துணி முழுவதும் அவர் தலையில் கவிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்?"

மூன்று மணி நேரம் ஆறு நிமிடம். திருப்பத்தில் அக்கா தெரிந்தார். தலை குனிந்து வந்தவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். உடனே, முடிவுக் கோட்டுக்கு நாலு அடி இருக்கும்போது, ஓட்டத்தை நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் நிக்கறீங்க? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

அன்பர்களே, ஒருமுறை அந்தக் கேள்வியைக் காதில் வாங்குங்கள். மூன்று வருடம் ஓடிய ஒரு மனுஷி. முடிவுக் கோட்டில் கூட்டத்தைப் பார்த்தால், அது தனக்காக நிற்கிற கூட்டமாக இருக்கும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். துணிக்குள்ளிருந்து தலைவர்தான் பதில் சொன்னார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. நீங்க வந்தாதான் சாவி தருவானாம் இந்தப் பாவி. சீக்கிரம் உள்ள வாங்க, கை வலிக்குது."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே நாலு அடியையும் ஓடிக் கடந்தார். நான் பச்சைக் குஞ்சத்தை எடுத்து முதலில் அவர் கையில் கொடுத்தேன். பிறகு கூடையைக் கீழே வைத்து, "எல்லாரும் எடுத்துக்கங்க," என்றேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்று இந்த மேடை ஏறியிருக்க மாட்டேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். "வளைவக் கீழ விட்டுடாதீங்க," என்றார். "எனக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க."

நம் குழுவினர் இல்லை. யாரோ. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கடைசி என்று நாம் பெயர் வைத்தவருக்குப் பின்னாலும் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அது அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. கூடை திறந்து கிடந்தது. சாவிகள் கண்ணெதிரே கிடந்தன. நீச்சல் வகுப்பு இருந்தது. பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் எடுத்தீர்களா? ஒருவர் போனீர்களா? ஒரு கை இறங்கியதா? இல்லை. அக்கா தன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடிக் களைத்த கையைத் தூக்கி, உங்களோடு வளைவைப் பிடித்தார். அந்த இரண்டு பேரும் கோட்டைக் கடக்கும் வரை பன்னிரண்டு நிமிடம் நின்றீர்கள். உங்களை எட்டு வருடமாகக் கேலி செய்கிறவன் நான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது என் கோரிக்கை. பெரியவர் போட்ட சட்டத்தோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். கடைசியில் வருகிறவருடைய சாவி முதலில் கொடுக்கப்படும். அதுவரை ஒருவர் சாவியும் கூடையை விட்டு வெளியே வராது. தலைவர் இதை எதிர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நடைமுறைக்கு ஒத்துவராது, நேரம் வீணாகும் என்கிறாராம். வாக்கெடுப்புக்கு விடலாம். எதிர்த்து வாக்களிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எழுந்து வீட்டுக்குப் போகலாம். உங்கள் சாவி எங்கே இருக்கிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எழுந்தவர் யாரும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

இனி இந்த விதியை நடத்திக்காட்டப் புதிய கூடைக்காரர் வேண்டும். என் குதிகால் தேறிவிட்டது. யார் வருவார்? மூன்று வாரமாக ஒருவர், எப்போதும் முதலில் வருகிறவர், அக்காவுக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்கிறார். "புதுசா வந்தவங்களுக்குத் துணையா மெதுவா ஓடறேன்" என்கிறார். துணை செல்கிறவர் ஏன் ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் வைக்க வேண்டும்? ஏன் கைப்பிடியைத் தடவிப் பார்க்க வேண்டும்? டாக்டர், பல்லு வலிய மறைக்கிறவனையும் கால் வலிய மறைக்கிறவனையும் எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். ஞாயித்துக்கிழமை கூடை உங்களுக்கு.

தலைவர் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கால்சட்டையின் வலது பக்கத்தைத் தூக்குகிறார். பட்டை, சபையோர்களே, முழங்கால் பட்டை. தாய்மார்கள் கைதட்டுகிறார்கள்.

இந்தக் கூடையை அவர் கையில் கொடுக்க நான் தகுதியானவன் இல்லை. அதற்குரியவர் கடைசி வரிசையில், கதவோரம், தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, மேடைக்கு வாங்க. வேண்டாம்னு தலையாட்டாதீங்க. பாதை நீளம்தான், தெரியும். எல்லாரும் எழுந்து வழி விடுங்கள்.

அவர் வந்து சேரும் வரை என் நன்றியைச் சொல்லி முடிக்கிறேன். பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. கை தூக்கிய பெரியவருக்கு நன்றி. எங்களைத் துரத்திவிடும் தாய்மார்களுக்கு நன்றி. சாவியைத் தொலைத்தவர்கள் போல உட்கார்ந்து என் பேச்சைக் கேட்ட உங்களுக்கு நன்றி; அனைவருக்கும் வணக்கம். மெதுவா வாங்கக்கா. அவசரமே இல்ல. நாங்க யாரும் எங்கயும் போகல.